பொறி பிழை கூறும் மொழி

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திண்டிவனத்துக்கு அண்மையில் ஒரு சிற்றூரில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்ற மாணவன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்துங்கள். விடியலில் பேருந்தேறி விழுப்புரம் வந்து கணிப்பொறியியல் பயில்கின்றான். கருநிறத் திரையின்முன் அமர்கின்றான். அத்திரையில் படம் இல்லை. அழுத்துதற்குரிய பொத்தான் இல்லை. எழுத்தால் ஏவ வேண்டும். எழுத்தாலேயே மறுமொழி வரும். அதனைக் கட்டளை வரி என்பர். ஐந்து பாடங்களின் மதிப்பெண்களைக் கூட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதி இயக்குகின்றான். நான்காம் வரியில் திறந்த அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டான். பொறி என்ன சொல்கின்றது? “ஐந்தாம் வரி, இன்வேலிட் சிண்டேக்சு” என்கின்றது.

ஐந்தாம் வரியைப் பார்க்கின்றான். அது செம்மையாக உள்ளது. அழித்து மீண்டும் எழுதுகின்றான். அதே செய்தி. ஒருமுறை, இருமுறை, பத்துமுறை. அருகிலிருப்பவனைக் கேட்க நாணுகின்றான். மாலைப் பேருந்தில் திரும்பும்போது அவன் உள்ளத்தில் ஒரு முடிவு உருவாகின்றது: “இக்கல்வி என் போன்றோர்க்கு உரியதன்று.”

அவையோரே! அவனிடம் அறிவுக்குறை இல்லை. கூட்டல் அறிவான், நிரலின் போக்கை அறிவான். அவன் விட்டது ஒரே ஓர் அடைப்புக்குறி. அதனைப் பொறி சொல்லிய முறையிலேதான் குறை இருந்தது. ஒரு குறியின் பொருட்டு ஓர் இளைஞன் ஒரு துறையையே கைவிடுகின்றான் என்றால், அது சிறு செய்தியாகுமா?

பிழைதிருத்துவோர் இருவகையர். கட்டுரை ஏட்டில் ஒரு தொடரின்மேல் செம்மையால் நீண்ட கோடிழுத்துப் “பிழை” என்று மட்டும் எழுதி ஏட்டை எறிபவர் ஒருவர். பிழைபட்ட எழுத்தைச் சுழித்து, “ஈண்டு வல்லினம் மிகும், ‘தமிழ்ப் பாடம்’ என எழுதுக” என்று குறித்துத் தருபவர் மற்றொருவர். முன்னவரிடம் பயின்றவன் எழுதவே அஞ்சுவான். பின்னவரிடம் பயின்றவன் அடுத்த கட்டுரையில் தானே திருத்திக்கொள்வான். பொறியும் ஓர் ஆசிரியனே. நள்ளிரவிலும் மாணவனோடு விழித்திருக்கும் ஆசிரியன். அவ்வாசிரியன் முதல்வகையினனாக இருத்தல் வேண்டுமா, இரண்டாம் வகையினனாகவா என்பதே இன்றைய வினா.

நன்னூலார் காட்டிய குற்றங்கள்

பிழையைப் பற்றிச் சிந்திப்பதில் தமிழர் பிறர்க்கு இளைத்தவரல்லர். தொல்காப்பியம் திணையும் பாலும் மயங்கும் வழுக்களை வகைப்படுத்திற்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணிக் காட்டினார். அந்த அளவுகோலை எடுத்துப் பொறியின் பிழைச்செய்திகளை அளந்து பாருங்கள், வியப்பு மேலிடும்.

அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் என்பார் யுனிக்சு என்னும் இயங்குதளத்துக்காக ‘எட்’ என்றொரு எழுதுகருவியை ஆக்கினார். பயன்படுத்துவோர் எவ்வகைப் பிழை செய்தாலும் அது திருப்பித் தரும் மறுமொழி ஒற்றை வினாக்குறி மட்டுமே. மறுமொழி மெல்லச் செல்லும் தட்டச்சுப் பொறிகளை இணைத்திருந்த அக்காலத்தில் சுருக்கம் தேவையாக இருந்தது. ஆயினும் கற்போனுக்கு அது குன்றக் கூறலே.

சி பிளசு பிளசு என்னும் கணிமொழியில் அச்சுரு முறையில் எழுதிய நிரலில் ஒரு சிறு பிழை நேர்ந்தால், தொகுப்பி திரைதிரையாக வரிகளைக் கொட்டும். வேண்டிய செய்தி அதனுள் எங்கோ புதைந்திருக்கும். இது மிகைபடக் கூறல். ஓர் அரைப்புள்ளியை விட்டதற்கு, அதன் விளைவாகத் தோன்றும் இருபது பிழைகளையும் அடுக்குவது கூறியது கூறல். மாணவன் எழுதிய வரியை விட்டுவிட்டு, அவன் கண்டறியாத உள்நூலகங்களின் வரிகளையெல்லாம் படிப்படியாக விரித்துரைப்பது மற்றொன்று விரித்தல். நான்காம் வரிப் பிழைக்கு ஐந்தாம் வரியைச் சுட்டுவது மயங்க வைத்தல். சி மொழி நிரலர் அனைவரும் அஞ்சும் ‘செக்மென்டேசன் பால்ட்டு’ என்னும் செய்தியோ, நிரல் தனக்கு உரியதல்லாத நினைவிடத்தைத் தொட்டது என்பதே அதன் பொருளாயினும், எவ்வரியில், எதனால் என்று சொல்வதில்லை. அது நின்று பயனின்மை.

பத்துக் குற்றங்களில் ஆறு ஈண்டே அகப்பட்டன. கணிப்பொறியைக் காணாத காலத்தில் எழுந்த இலக்கணம் இன்றைய குறையை இவ்வளவு செவ்வனே அளக்கின்றதெனின், தமிழ் கற்றோர்க்கு இத்துறையில் செய்தற்குரிய பணி உண்டு என்பது தெளிவாகும்.

மேலைநாட்டார் திருத்திக்கொண்ட வகை

பிழைச்செய்தி கரடுமுரடாக இருப்பது பொறியின் இயற்கை என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் அண்மைக் காலத்தில் உடைந்தது. 2015இல் எல்ம் என்னும் கணிமொழியை ஆக்கியோர், பிழைச்செய்தி மாந்தர் படிப்பதற்கென்றே எழுதப்பட வேண்டும் எனத் துணிந்து, முழுத் தொடர்களால் ஆன செய்திகளை அமைத்தனர். 2016இல் இரசுட்டு மொழியார் தம் தொகுப்பியின் செய்திகளைப் புதுக்கினர். பிழைபட்ட வரியை அப்படியே எடுத்துக் காட்டி, பிழைபட்ட சொல்லின் அடியில் குறியிட்டு, அருகிலேயே கரணியம் உரைத்து, இயன்றவிடத்துத் திருத்தமும் கூறினர். பிழை வகைகள் பலவற்றுக்கு எண் உண்டு. அவ்வெண்ணைக் கொடுத்துக் கேட்டால் எடுத்துக்காட்டுடன் கூடிய விளக்கத்தைக் கட்டளை வரியிலேயே பெறலாம்.

உலகெங்கும் பள்ளிகளில் பயிற்றப்பெறும் பைத்தான் மொழியும் மாறிற்று. 2021இல் வெளிவந்த அதன் 3.10ஆம் பதிப்பு, மூடப்படாத அடைப்பைக் கண்டால் அடுத்த வரியைச் சுட்டுவதில்லை. திறந்த அடைப்பையே சுட்டி, “இது மூடப்படவில்லை” என்கின்றது. பெயரைப் பிழைபட எழுதினால், “இதையோ கருதினீர்?” என்று நெருங்கிய பெயரைக் காட்டுகின்றது. 2022இல் வந்த 3.11ஆம் பதிப்பு, ஒரு வரியினுள்ளேயே எந்தப் பகுதியில் தடுக்கிற்று என்பதைக் கீழே குறியிட்டு உணர்த்துகின்றது. பழைய பதிப்பு ஓடும் கணிப்பொறியில் கற்ற மாணவன் இழந்த மாலைப்பொழுதைப் புதிய பதிப்பு ஒரே தொடரில் மீட்டுத் தந்திருக்கும்.

இவற்றிலிருந்து பெறப்படும் நெறி எளியது. நல்ல பிழைச்செய்தி நான்கு வினாக்களுக்கு விடை சொல்லும். எங்கே? என்ன? ஏன்? இனி என் செய்வது? இந்நான்கும் உள்ள செய்தி கற்பிக்கும். இவற்றுள் ஒன்றும் இல்லாத செய்தி அச்சுறுத்தும்.

பொறிக்கு மொழி ஏது?

“எல்லாம் நன்று, ஆனால் பொறிக்கு ஆங்கிலந்தானே தெரியும்?” என்பார் உளர். அவர்க்கு விடையாக ஒரு வரலாறு. கணிமொழித் துறையின் முன்னோடியாகிய கிரேசு ஆப்பர் அம்மையார், ஆங்கிலச் சொற்களால் ஏவும் தொகுப்பியை 1950களில் ஆக்கினார். அதே தொகுப்பி பிரெஞ்சுச் சொற்களாலும் செருமன் சொற்களாலும் இயங்குவதை மேலாளர்க்குக் காட்டினார். அமெரிக்கக் கணிப்பொறிக்குப் பிரெஞ்சும் செருமனும் விளங்குவதாவது என்று அவர்கள் மருண்டனராம். ஆங்கிலம் ஒன்றே என்று உறுதி கூறிய பின்னரே பணியைத் தொடர முடிந்தது. 1978இல் கணிமொழிகளின் வரலாறு பற்றிய மாநாட்டில் அம்மையாரே இதனை எடுத்துரைத்தார். பொறிக்கு ஆங்கிலமும் தெரியாது. அது எண்களையே அறியும். ஆங்கிலம் அமர்ந்தது பொறியின் தேவையால் அன்று, மேலாளரின் வழக்கத்தால்.

தமிழில் இதனை மெய்ப்பித்தவர் முத்தையா அண்ணாமலை. 2007இல் அவர் தொடங்கிய ‘எழில்’ என்னும் தமிழ்க் கணிமொழி 2013இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. அதில் ‘பதிப்பி’ என்றால் திரையில் எழுதும். ‘வரை’ என்றால் திரும்பத் திரும்பச் செய்யும். ‘முடி’ என்றால் பகுதி முடியும். ஆங்கிலக் கணிமொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் நிற்கும். எழிலில் நிபந்தனை முதலில் வந்து, ‘ஆனால்’ என்னும் சொல் அதன்பின் நிற்கின்றது. மழை பெய்தால் என்று தமிழன் எவ்வாறு நினைக்கின்றானோ அவ்வாறே நிரலும் அமைகின்றது.

ஏவற்சொல் தமிழாயிற்று, மகிழ்ச்சி. ஆனால் எழில் பைத்தானை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டது. மேல்தளம் தமிழாயினும், கீழ்த்தளத்திலிருந்து எழும் குரல் ஆங்கிலமாயின் கற்போன் மீண்டும் திகைப்பான். ஏவற்சொற்கள் ஐம்பதுக்குள் அடங்கும். அவற்றை எவனும் ஒரு கிழமையில் பழகிக்கொள்வான். பிழைச்செய்திகளோ பல நூறு; அவை தொடர்கள்; இடர்ப்பட்ட வேளையில் படிக்கப்படுபவை. ஆகவே தமிழ் முதலில் நுழைய வேண்டிய இடம் ஏவலினும் மறுமொழியே.

தமிழாக்கத்தின் நுட்பம்

அதற்கு வழி முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. குனு திட்டத்தார் ‘கெட்டெக்சுட்டு’ என்னும் கருவியை 1990களின் நடுவிலிருந்து வளர்த்து வருகின்றனர். மென்பொருளின் ஆங்கிலத் தொடர்கள் தனிக் கோப்பில் திரட்டப்படும். ஒவ்வொன்றின் கீழும் தமிழ்த் தொடரை எழுதிவிட்டால், தமிழைத் தேர்ந்த கணிப்பொறியில் தமிழ்ச் செய்தி தோன்றும். எழுதாமல் விட்ட இடத்தில் ஆங்கிலம் தோன்றும். குனுத் தொகுப்பி பிரெஞ்சிலும் செருமனிலும் சப்பானியத்திலும் பேசுவது இவ்வழியால்தான். தமிழாக்கம் செய்வோர்க்கு நிரலாக்கம் முற்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயினும் சொல்லுக்குச் சொல் வைப்பது தமிழாக்கம் ஆகாது. ‘புரோக்கன் பைப்பு’ என்பதை ‘உடைந்த குழாய்’ என்றெழுதினால், மாணவன் நீர்க்குழாயை எண்ணுவான். ஒரு நிரலின் வெளியீட்டைப் பெற்றுக்கொண்டிருந்த மற்றொரு நிரல் நின்றுவிட்டது என்பதே செய்தி. “வெளியீட்டைப் பெறும் நிரல் முன்னரே முடிந்துவிட்டது” என்றால் பொருள் விளங்கும். ‘இல்லீகல் கேரக்டர்’ என்பதைச் ‘சட்டப் புறம்பான எழுத்து’ என்பதா? எழுத்து என்ன குற்றம் செய்தது? “இவ்வெழுத்து ஈண்டு வாராது” என்பது போதும். ‘பேட்டல் எரர்’ என்பது உயிரைக் கொல்லும் பிழையன்று. தொடர இயலாப் பிழை.

அடுத்தது வேற்றுமை உருபு. செய்தியின் நடுவே கோப்பின் பெயரை நிரலே இட்டு நிரப்பும். அப்பெயர் எவ்வெழுத்தில் முடியுமென்று முன்கூட்டி அறிய இயலாது. அதனோடு ‘ஐ’ உருபை நேரே ஒட்டினால் புணர்ச்சி கெடும், கண்ணுக்கும் அருவருப்பாகும். “‘மதிப்பெண்’ என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை” என எழுதினால், உருபு ‘கோப்பு’ என்னும் சொல்லோடு சேர்ந்துவிடும். எப்பெயர் வந்தாலும் தொடர் வழுவாது. நிரலர்க்கு இது பெருஞ்சிக்கல். இலக்கணம் கற்றவனுக்கோ நொடிப்பொழுதில் தோன்றும் தீர்வு.

எண்ணும் அவ்வாறே. ஆங்கிலத்தில் பெயரை மட்டும் பன்மையாக்கி ஒட்டுவேலை செய்வர். தமிழில் “1 பிழை உள்ளது”, “3 பிழைகள் உள்ளன” என வினைமுற்றும் மாறும். ஆகவே தொடரைத் துண்டுதுண்டாக வெட்டி மொழிபெயர்க்கத் தருதல் கூடாது. முழுத்தொடராகத் தருதல் வேண்டும். ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனித் தொடர் எழுத அக்கருவியில் இடமுண்டு.

பிழையுற்ற இடத்தின் அடியில் குறியிடும் முறையிலும் தமிழுக்கென ஒரு தொல்லை உண்டு. ஒருங்குறியில் ‘கொ’ என்பது இரண்டு குறிகளால் ஆனது. கோப்பில் ஆறு எண்மிகளைக் கொள்ளும். திரையிலோ கண்ணுக்கு ஓரெழுத்து. எண்மிகளை எண்ணிக் குறியிடும் கருவி, தமிழ்ப் பெயர் வந்தவுடன் குறியை வெகுதொலைவில் கொண்டுபோய் வைக்கும். மாணவன் மீண்டும் மயங்குவான். எழுத்தை எழுத்தாக எண்ணும்படி கருவியைத் திருத்த வேண்டும். அதுவரை பிழைபட்ட சொல்லையே மேற்கோட் குறிக்குள் திருப்பிக் காட்டுதல் நலம்.

இனி, பொறி மாணவனை எவ்வாறு விளிப்பது? “திருத்து” என்றால் அதட்டலாகும். “தாங்கள் அருள்கூர்ந்து திருத்தியருள வேண்டுகிறோம்” என்றால் நீளும். “திருத்துக” என்னும் வியங்கோள் இரண்டுக்கும் நடுவண் நிற்கின்றது. மதிப்பும் உண்டு, சுருக்கமும் உண்டு. பிழையை ஆளின்மேல் ஏற்றாமல் வரியின்மேல் ஏற்றுதலும் வேண்டும். “நீர் பிழை செய்தீர்” என்பதினும், “வரி எண் 4: இங்குத் திறந்த அடைப்பு மூடப்படவில்லை. வரியின் இறுதியில் அடைப்பை மூடுக” என்பதே சால்புடையது. எங்கே, என்ன, இனி என் செய்வது என்பன இரு சிறு தொடர்களில் அடங்கிவிட்டன.

தமிழர் தம்மையும் நோக்குதல்

ஈண்டுத் தூய தமிழ் விழைவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘இன்வேலிட் சிண்டேக்சு’ என்பதை நீக்கித் ‘தொடரியல் பிழை’ என்று வைத்துவிட்டு, பணி முடிந்ததென அமைதல் கூடாது. சொல் தூயது; ஆனால் அடைப்பு எங்கே திறந்திருக்கின்றது என்பதை அச்சொல்லும் சொல்லவில்லை. ஆங்கில இருளை நீக்கித் தமிழ் இருளை வைப்பதால் எவர்க்கு என்ன பயன்? கலைச்சொல் வேண்டியவிடத்து வேண்டும். பிழைச்செய்திக்கோ கலைச்சொல்லினும் எளிய தொடரே உயிர். அடைப்பு, வரி, பெயர், கோப்பு, மூடு, திற என்னும் நாட்சொற்களாலேயே பெரும்பாலான செய்திகளை எழுதிவிடலாம்.

இரு தடைகளைச் சிலர் எழுப்புவர். முதலாவது: “தமிழ்ச் செய்தியை வைத்து இணையத்தில் தேடினால் விடை கிடைக்காதே?” மெய்யே. ஆங்கிலத்தில் குவிந்துள்ள விளக்கங்களை இழத்தல் அறிவுடைமை ஆகாது. அதற்குத் தீர்வு இரசுட்டு மொழியார் காட்டிய எண்முறை. தமிழ்த் தொடருடன் பிழையின் எண்ணும் நிற்குமாயின், அவ்வெண்ணால் எம்மொழியிலும் தேடலாம். எண் இல்லாத கருவிகளில் தமிழ்த் தொடரின்கீழ் மூலத்தொடரையும் ஒரு வரியாகக் காட்டலாம். இரண்டாவது: “வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமே?” வேண்டும், கற்கட்டும். ஆனால் நீந்தக் கற்பவன் மூழ்கும் வேளையில் அவனுக்கு அயன்மொழி இலக்கணம் நடத்துதல் முறையன்று. முதலில் கரையேற்றுக, பின்னர் எம்மொழியும் கற்பான்.

செய்தற்குரியன

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விழுப்புரத்தில் குனு இலினக்சுப் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே பயிற்றி வருகின்றனர். ‘கணியம்’ 2012 முதல் கணிநுட்பத்தை எளிய தமிழில் எழுதிப் பரப்புகின்றது. மயிலத்தில் தமிழ்க்கல்லூரி உள்ளது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கணிப்பொறியியல் பயில்வோர் பலர் உளர். ஒருபால் தமிழ் அறிந்தோர். மறுபால் நிரல் அறிந்தோர். இருவரும் ஒரே மேசையில் அமராததே குறை.

அமர்ந்தால் முப்பணி செய்யலாம். முதலாவது, மாணவர் ஒவ்வொருவரும் தம்மைத் தடுக்கி வீழ்த்திய பிழைச்செய்தியை ஓர் ஏட்டில் குறித்து வருதல்; ஒரு பருவ முடிவில் எச்செய்தி பலரை வீழ்த்துகின்றது என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, அவற்றை அடிக்கடி வரும் வரிசையில் எடுத்து, தமிழாசிரியரும் நிரலரும் கூடித் தமிழ்த் தொடர் ஆக்குதல். மூன்றாவது, அதனை ஆக்கியவரே நன்றென்று மெச்சிக்கொள்ளாமல், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் பிழையுள்ள நிரலையும் அச்செய்தியையும் கொடுத்து நோக்குதல். அவன் எவரையும் வினவாது திருத்திவிட்டால் செய்தி நன்று. திகைத்தால், திருந்த வேண்டியது அவனல்லன்; அச்செய்தியே.

அந்தத் திண்டிவனத்து மாணவனை மறவாதீர். அவன் இன்னும் அத்திரையின்முன் அமர்ந்திருக்கின்றான். மாலைப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கின்றது. நான்காம் வரியில் ஓர் அடைப்பு திறந்திருக்கின்றது. அதனை அவனுக்கு விளங்கும் மொழியில் எவரேனும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அடைப்பு மூடும்; அவனுக்கு ஒரு வாயில் திறக்கும்.